நாலாவது ஆள்

உட்காருங்கள் தம்பி. ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்கள். டீ போட்டுவிட்டேன், சர்க்கரை கம்மியாக இருக்கும்.

நீங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். அடுத்த மாதம் தொழிற்பேட்டையில் சைக்கிள் பந்தயம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நாலு பேர் கொண்ட அணியாக வந்தால்தான் பெயர் கொடுக்கலாம், ஒத்தை ஆளுக்கு இடமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. உங்களிடம் மூன்று பேர் இருக்கிறார்கள். நீங்கள், ஸ்டீபன், ஆறுச்சாமி. நாலாவது ஆளாக நான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நான் வராவிட்டால் உங்கள் மூன்று பேருக்கும் பந்தயம் இல்லை. இவ்வளவுதானே?

ஆறுச்சாமி என்ற பெயரை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள். மளிகைக் கடையில் பருப்பு, புளி என்று சொல்வது மாதிரி. நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தது இந்த வருஷம்தான், அதனால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். போன வருஷம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

முதலில் ஒன்று. அந்தப் பந்தயத்தில் ஒத்தை ஆளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவனே நான்தான். இந்த மருதாசலம்தான். அதை இப்போது யாரும் சொல்வதில்லை. பந்தயம் ஆரம்பித்த வருஷம் பெயர் கொடுக்கப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள், "எந்த டீம் சார்?" எந்த டீமும் இல்லை என்றேன். "அப்ப வாலன்டியரா வரீங்களா சார்? தண்ணி பாட்டில் நீட்டறதுக்கு ஆள் பத்தல" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. என்னைப் பார்த்தால் தண்ணீர் நீட்டுகிறவனாகத்தான் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே நோட்டீஸ் எழுதினேன். எட்டாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது தம்பி. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மில் கேட்டில் கொடுத்த துண்டுப் பிரசுரங்கள்தான். எழுதக் கற்றுக்கொண்டதும் அதில்தான். 'உழைக்கிறவன் ஓட்டினால் உங்கள் ரோடு தேயுமா?' என்று தலைப்பு. காலையில் அந்தப் பந்தயக்காரர்கள் சைக்கிள் ஓட்டிவிட்டு டீ குடிக்க வருகிற கடை வாசலில் நின்று கொடுத்தேன். வாங்கி, வடை எண்ணெய் துடைத்துப் போட்டார்கள். என் கண் முன்னாலேயே. மறுநாளும் நின்றேன். அடுத்த வருஷமும் நின்றேன்.

கடைசியில் கமிட்டித் தலைவர் காரை விட்டு இறங்கி வந்தார். ஜெயப்பிரகாஷ் என்று பெயர், பம்பு கம்பெனி முதலாளி. "அங்கிள், இந்த நோட்டீச நிறுத்துங்க. ஒரு வருஷம் ட்ரை பண்ணிப் பாக்கலாம். ஒத்தை ஆளுங்க ஓட்டட்டும். அவங்கள்ல ஒருத்தராவது முதல் அஞ்சு பேருக்குள்ள வந்துட்டா அப்படியே தொடரலாம். வரலைன்னா அப்புறம் டீம் மட்டும்தான். நீங்களும் கடை வாசல்ல நிக்கக் கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன். அன்று சாயங்காலமே 'வெற்றி' என்று இன்னொரு நோட்டீஸ் போட்டேன்.

ஆக, பந்தயத்தில் எங்களுக்கு முதல் பரிசு வேண்டாம். ஒரே ஒருவன் ஐந்துக்குள் வந்தால் போதும். கதவு திறந்தே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்தை ஆட்களாக மூன்று பேர் பெயர் கொடுத்தோம். ஸ்டீபன் உங்களுக்குத் தெரியும், கூரியர் குடோனில் மூட்டை பிரிக்கிறவன். நல்ல தொடை. மூளை கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். பந்தயத்துக்கு முந்தின வாரம் இங்கே வந்தான். இப்போது நீங்கள் இருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"ண்ணா, மூணு பேரும் ஒருக்கா உக்காந்து பேசிக்கலாமுங்களா? யாரு எப்பப் போறது, யாரு பின்னாடி நின்னு மறிக்கறதுன்னு."

நான் சொன்னேன், "ஒத்தை ஆளுக்கு உரிமை வேண்டும் என்று போராடி வாங்கியிருக்கிறோம். உள்ளே போய் மூன்று பேரும் கூட்டணி போட்டுக்கொண்டால் அவர்களுக்கும் நமக்கும் என்னடா வித்தியாசம்?"

தலையைச் சொறிந்தான். "அதுவுஞ் செரிதாங்ணா. ஆனா ஜெயிக்கோணுமில்லீங்களா?"

கொள்கை இல்லாத ஜெயிப்பு எதற்கு என்று கேட்டேன். டீயைக் குடித்துவிட்டு, "மூணாவது ஆளு யாருன்னு தெரியுங்களா?" என்றான். தெரியாது என்றேன். சொன்னான். நான் அவனை எழுந்து போகச் சொன்னேன்.

ஆறுச்சாமியும் நானும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டு. ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் எதிரெதிர் மிஷின். வீடும் ஒரே திசை. காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் சேர்ந்து போவோம். உங்களுக்கு இந்த ஊர்க் காற்று இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும் பாருங்கள், சைக்கிளை நிறுத்திப் பின்னால் தள்ளும். மில்லுக்கு மேற்கே பார்த்துத்தான் போக வேண்டும். தனியாகப் போனால் கேட்டுக்குப் போய்ச் சேரும்போதே பாதி ஷிப்டு பார்த்த களைப்பு வந்துவிடும். அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். நாலு கரண்ட் போஸ்ட் தூரம் நான் முன்னால், அவன் என் பின்சக்கரத்தை ஒட்டி. அடுத்த நாலு போஸ்ட் அவன் முன்னால், நான் பின்னால். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்னால் வருகிறவன் மூச்சு வாங்கிக்கொள்வான். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொட்டி சைக்கிள் வாங்கி, கம்ப்யூட்டரில் படம் பார்த்து இவர்கள் கற்றுக்கொள்கிறார்களே, அது இதுதான்.

அப்புறம் வேலைநிறுத்தம் வந்தது. நான் கேட்டில் பேசுகிற ஆள். மழைக்காலம் முடிந்து வெயில் வந்தும் தொடர்ந்தது. நிர்வாகம் ஒரு ஒப்பந்தம் நீட்டியது. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், வழக்கு இருக்கிற சிலரை மட்டும் விசாரணை முடிந்த பிறகு எடுப்போம் என்று. அந்தச் சிலரில் நான் ஒருவன். எனக்காகச் சொல்லவில்லை, கொள்கைக்காகச் சொன்னேன்: எல்லாரும், இல்லையென்றால் யாரும் இல்லை.

பொதுக்குழு கூடியது. ஓட்டெடுப்பும் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் உள்ளே போகலாம் என்று கை தூக்கினார்கள். ஓட்டு என்பது என்ன தம்பி? எத்தனை பேர் பயந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற வழி. அதற்கு நான் கட்டுப்பட முடியாது என்று மேடையிலேயே சொல்லிவிட்டேன். மறுநாள் காலை கேட்டுக்கு முன்னால் படுத்தேன். என்னோடு ஏழெட்டுப் பேர். என்னைத் தாண்டி உள்ளே போன முதல் சைக்கிள் யாருடையது? ஆறுச்சாமி. இறங்கி, சைக்கிளைத் தூக்கி, என் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போனான். "ண்ணா, எந்திரிச்சு வாங்க, உள்ள இருந்து உங்களுக்காகப் பேசலாம்" என்றான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேறு சொன்னான். அந்த வருஷம் யார் வீட்டில் உடம்பு சரியாக இருந்தது?

கருங்காலி என்று பெயர் போட்டு நோட்டீஸ் அடித்தேன். அவன் தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டினேன். அவன் வீட்டுச் சுவரில் இரண்டு. அவன் அதைக் கிழிக்கக்கூட இல்லை. மழையில் தானாக விழுகிற வரைக்கும் இருந்தது. குற்ற உணர்ச்சி இல்லாதவன் கிழித்திருக்க மாட்டானா?

எனக்கு மறுபடி வேலை கிடைக்கவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. அந்த விசாரணையை ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போனவர்களை எடுத்துக்கொண்டார்கள். எடுப்பார்கள், முதுகு வளைந்தவனுக்கு எங்கேயும் இடம் உண்டு. அதற்குப் பிறகு இரண்டு சங்கங்களில் இருந்தேன். இரண்டிலும் சமரசக்காரர்கள். வெளியே வந்துவிட்டேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். பந்தயக் கதைக்கு வருகிறேன்.

பாதை உங்களுக்குத் தெரியும். நாலு வளைவு. எடைமேடை வளைவில் லாரி கொட்டின மணல் கிடக்கும், அங்கே பிரேக் பிடித்தால் போச்சு. எடைமேடையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நேர் மேற்கு, முழுக் காற்றும் நெஞ்சில். இருபது சுற்று. இரண்டு பெரிய அணிகள். பச்சைச் சட்டை டாக்டர்கள், நீலச் சட்டை கம்ப்யூட்டர்காரர்கள். மற்றதெல்லாம் உதிரி.

அணி இல்லாதவன் எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்கிறேன், இது உங்களுக்கும் உதவும். முன்னால் போகக் கூடாது, காற்றை நீங்கள் குடித்து மற்றவனுக்கு வழி செய்து கொடுப்பீர்கள். கடைசியிலும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் இருப்பவன் கொஞ்சம் வேகம் குறைத்தால் கடைசி ஆள் நின்றே போவான், அப்புறம் எழுந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். இருபது சுற்றில் எண்பது தடவை அப்படி எழுந்து மிதித்தால் தொடை கல்லாகிவிடும். எட்டாவது, ஒன்பதாவது ஆளாக இருக்க வேண்டும். பச்சை ஓடினால் நீலம் துரத்தியே ஆக வேண்டும், நீங்கள் நீலத்தின் முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீலம் ஓடினால் பச்சையின் முதுகில். அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பயப்படுகிறார்களே, அதுதான் உங்கள் பெட்ரோல். நடுவில் ஒரு சுற்றுக்கு மணி அடிப்பார்கள், அந்தச் சுற்றில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினால் மிக்ஸி. டாக்டர் வீட்டில் மிக்ஸி இல்லாத மாதிரி எல்லாரும் அதற்கு விழுந்தடித்துப் பறப்பார்கள். பறந்து முடித்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குவார்கள். அந்த நேரம்தான் உங்கள் நேரம். அப்போது கிளம்ப வேண்டும்.

நான் அப்படித்தான் கிளம்பினேன். பதின்மூன்றாவது சுற்றில் மிக்ஸி போனது. அடுத்த வளைவிலேயே உள்பக்கம் புகுந்து ஒரே மிதி. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தலை நிமிரவில்லை. அங்கே போய் அக்குள் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் பின்னால், தூரத்தில். என் பின்சக்கரத்தில் மட்டும் ஒருவன். சட்டையைப் பார்த்தேன், பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. பழைய மில் பனியன்.

அவனும் அதே நேரத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறான். இருக்கும். நான் படித்த ரோட்டில்தான் அவனும் படித்தான்.

பின்னால் என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பச்சைக்காரன் நீலத்தைப் பார்த்து "புடிங்க சார்" என்றானாம். நீலக்காரன் "நீங்க புடிங்க டாக்டர், நாங்கதான் போன தடவை இழுத்தோம்" என்றானாம். இரண்டு மில் கிழவர்களுக்காக யார் காற்றில் மிதிப்பது? தானாகக் களைத்து விழுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு சுற்றுக்குள் எங்களுக்குத் தொழிற்பேட்டையின் ஒரு பக்கம் முழுக்க இடைவெளி. அவ்வளவு தூரத்தை எட்டிப் பிடிப்பது லேசில்லை. நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுத்திருந்தால் ஒன்று, இரண்டு என்று வந்திருப்போம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும்.

அவன் என்னைத் தாண்டி முன்னால் வந்தான். மேற்குப் பக்கம், முழுக் காற்று. நான் அவன் பின்னால் இருந்தேன். அரைச் சுற்று இருந்திருப்பேன். மறைக்க மாட்டேன், இளைப்பாறத்தான். அந்த இடத்தில் ஒரு விஷயம். அவன் முதுகுக்குப் பின்னால் போனதும் காற்றின் சத்தம் நின்றுவிட்டது. திடீரென்று. செயின் ஓடுகிற சத்தம் மட்டும். அவன் செயினுக்கு எப்போதும் நிறைய எண்ணெய் விடுவான், அந்த வாசனை. நான் எங்கே இருக்கிறேன் என்றே ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, அதை விடுங்கள். அது களைப்பு. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் அப்படி வரும்.

அவன் ஒதுங்கி முழங்கையை ஆட்டினான். அப்படி என்றால், என் முறை முடிந்தது, நீ முன்னால் வா என்று அர்த்தம். நான் போகவில்லை. மறுபடி அவனே இழுத்தான். ஒரு சுற்று. மறுபடி முழங்கை. நான் போகவில்லை. அப்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"நாலு போஸ்ட்டு போதுங்ணா. பழையபடி."

அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை? என் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போனவன். நான் முன்னால் போய்க் காற்றைக் கிழித்தால் யாருக்கு நிழல்? அவனுக்கு. சரி, பின்னாலேயே இருந்துகொள்ளலாமா? அப்புறம் ஊர் என்ன சொல்லும்? மருதாசலம் கருங்காலியின் முதுகில் ஒளிந்து வந்து ஐந்தாவது இடம் வாங்கினான் என்று சொல்லும். இரண்டும் முடியாது. யோசித்தேன். மிதித்துக்கொண்டே யோசித்தேன். யோசித்து, அவன் பக்கத்தில் போனேன்.

பின்னால் இல்லை, முன்னால் இல்லை. பக்கத்தில். அவன் ஹேண்டில்பாரும் என் ஹேண்டில்பாரும் ஒரே கோட்டில். அவனுக்கும் முழுக் காற்று, எனக்கும் முழுக் காற்று. யாரும் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

அவன் முதலில் புரியாமல் என் பின்னால் வரப் பார்த்தான். நான் வேகம் குறைத்தேன். அவன் முன்னால் போனான், நான் எழுந்து மிதித்துச் சமமாகப் போனேன். அவன் இடது பக்கம் நகர்ந்தால் நானும் இடது பக்கம். ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒருவன் கத்தினான், "பெருசுங்க ரெண்டும் ஜோடி போட்டுப் போகுது பாரு, கல்யாண ஊர்கோலமாட்ட." அவனுக்கு என்ன தெரியும்.

"என்னங்ணா பண்றீங்க?" என்றான் ஆறுச்சாமி.

"ஓட்டுகிறேன்."

"ரெண்டு பேரும் காத்துல நின்னா ரெண்டு பேரும் சாவோமுங்ணா."

"இருபது வருஷத்துக்கு முன்னால் இதைத்தான் நான் உன்னிடம் சொன்னேன். தனித்தனியாகப் போனால் எல்லாரும் சாவோம் என்று. நீ கேட்டாயா?"

"நானெங்கீங்ணா தனியாப் போனேன்? அத்தன பேரும் கை தூக்கினாங்க. நீங்கதானுங்ளே ஒத்தையா நின்னீங்க."

பாருங்கள், பந்தயத்துக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு, சரித்திரத்தைத் திருத்துகிறான். நான் பதில் சொன்னேன். வளைவு வந்தது, நிறுத்தினேன், வளைவு தாண்டினதும் தொடர்ந்தேன். ஒப்பந்தத்தின் மூன்றாவது ஷரத்திலிருந்து ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டி வருவதற்குள் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். பதில் இல்லாதவன் அப்படித்தான் நிறுத்துவான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அவன் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போயிருக்கலாம். நான் தடுத்திருக்க முடியாது. போகவில்லை. என் பக்கத்திலேயே வந்தான். பலம் இருந்திருந்தால் போயிருப்பான், இல்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஸ்டீபன் கதை. அவன் பின்னால் கூட்டத்தில் இருந்தான். நாங்கள் போனதும் கூட்டத்தின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, எடைமேடை வளைவை வேண்டுமென்றே மெதுவாக எடுத்தானாம். அங்கே ரோடு குறுகல், அவனைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் அப்படி. டாக்டர்கள் திட்டினார்களாம், முழங்கையால் இடித்தார்களாம், அவன் காது கேட்காத மாதிரி இருந்தானாம். எங்களுக்காக மறித்தான் என்கிறார்கள். யார் கேட்டது? நான் கேட்கவில்லை. கூட்டணி வேண்டாம் என்று இந்த அறையில் வைத்துத் தெளிவாகச் சொன்னேன். கடைசிக்கு மூன்று சுற்று இருக்கும்போது ஒரு பச்சைச் சட்டை உள்பக்கம் புகுந்து தள்ளியதில் மணலில் விழுந்தான். காறை எலும்பு முறிந்துவிட்டது. வளைவை ஒழுங்காக எடுக்கத் தெரிந்திருந்தால் விழுந்திருக்க மாட்டான்.

மறிப்பவன் விழுந்ததும் கூட்டம் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி வந்தது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது எனக்குப் பின்னால் டயர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்போது ஆறுச்சாமி வாய் திறந்தான். வாயோரம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

"ண்ணா, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் முன்னாடி போறேன். இந்தக் காத்து முழுக்க நானே வாங்கிக்கறேன். நீங்க பின்னாடி மட்டும் வாங்க. கடைசி வளைவுல நான் ஒதுங்கிக்கறேன், நீங்க தாண்டிப் போயிருங்க. உங்க பேர்லயே இருக்கட்டும். கதவு தொறந்தாப் போதுங்ணா."

நான் கேட்டேன், "நீ கொடுத்து நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?"

அவன் என்னைப் பார்த்தான். ஓட்டும்போது ஆளைப் பார்க்கக் கூடாது, ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். அவன் என்னைத்தான் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஒரு அங்குலம் பின்வாங்கவில்லை தம்பி, ஒரு அங்குலம் முன்னால் போகவும் இல்லை. மேற்குப் பக்கம் முழுவதும் அப்படியே பக்கத்துக்குப் பக்கம் போனோம். அந்தச் சுற்றைப் போல நேர்மையான ஒரு சுற்றை அந்தத் தொழிற்பேட்டை பார்த்திருக்காது.

கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கூட்டம் எங்களைத் தாண்டியது. பச்சை, நீலம், பச்சை. நான் அப்படியே நின்றுபோனேன், கால் வரவில்லை. ஆறுச்சாமி எழுந்து மிதித்தான். அவர்கள் நடுவில் புகுந்து, ஒருவர் ஒருவராகத் தாண்டிப் போய், ஆறாவதாக வந்தான். ஐந்தாவது ஆளுக்கும் அவனுக்கும் அரைச் சக்கரம். நான் உங்களைக் கேட்கிறேன், அதுவரை எங்கே வைத்திருந்தான் அந்தப் பலத்தை? எனக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒளித்து வைத்திருந்தான் என்றுதானே அர்த்தம்? அதை யாரும் அவனிடம் கேட்பதில்லை.

ஜெயப்பிரகாஷ் மைக்கில் அறிவித்தார். அடுத்த வருஷத்திலிருந்து அணிகள் மட்டும். நான் மைக்கை வாங்கி, பச்சையும் நீலமும் கடைசியில் கூட்டுச் சேர்ந்து எங்களைத் துரத்தியது சதி என்று பேசினேன். நாற்காலி அடுக்குகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆறுச்சாமி ஸ்டீபனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைத் தாண்டும்போது, "அன்னைக்கும் இதேதாங்ணா" என்றான். என்றைக்கு என்று கேட்டேன். ஆட்டோ போய்விட்டது. எப்போதும் அவன் அப்படித்தான், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன்.

ஸ்டீபனை நான் போய்ப் பார்க்கவில்லை. நோட்டீஸ் வேலையாக அலைந்துகொண்டிருந்தேன். அவனுக்கு என் மேல் ஒன்றும் இல்லையென்றுதான் நீங்களும் சொல்கிறீர்கள். அவன்தான் உங்களுக்கு இந்த வீட்டு வழி சொன்னானா? சரி.

என்ன, ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள். சொல்லுங்கள்.

ஓ. ஆறுச்சாமி அப்படிச் சொன்னானா.

இன்னொரு தடவை சொல்லுங்கள். நாலு பேர் பெயர் இருந்தால் போதும், மூன்று பேர் ஓட்டினாலும் கமிட்டி ஒப்புக்கொள்ளும். அதனால் ஆறுச்சாமி பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஓட்டாமல் இருந்துகொள்கிறான். அந்தப் பக்கமே வர மாட்டான். நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள், ஸ்டீபன், நான், மூன்று பேரும் ஓட்டலாம். இதை அவனாகவே சொன்னானா, நீங்கள் கேட்டீர்களா?

அவனாகவே.

ஸ்டீபனுக்குத் தோள் சரியாகி, இந்தப் பந்தயத்துக்காகவே விடிகாலையில் ஓட்டிப் பழகுகிறான், அதுவும் கேட்டுக்கொண்டேன். நீங்கள் இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள்.

கொஞ்சம் இருங்கள். யோசிக்கிறேன்.

இல்லை தம்பி. அது நடக்காது. பெயருக்கு மட்டும் ஒரு ஆளை வைத்துக்கொண்டு உள்ளே போவது என்றால் அது மோசடி. கமிட்டி ஒப்புக்கொண்டாலும் மோசடி மோசடிதான். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் ஓட்டினாலும் நான் வர முடியாது, ஓட்டாவிட்டாலும் நான் வர முடியாது. ஆறுச்சாமியை எனக்குத் தெரியும், இது தெரிந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறான். தான் விட்டுக்கொடுத்ததாகப் பெயர், மருதாசலம் கெடுத்ததாகப் பெயர்.

வேறு நாலாவது ஆள் கிடைக்க மாட்டான் என்கிறீர்கள். கிடைக்காவிட்டால் ஓட்டாதீர்கள். தலை குனிந்து ஓட்டுவதைவிட அது மேல்.

ஆனால் நான் உங்களைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குக் காலையில் நான் அங்கே இருப்பேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம், எடைமேடைக்கு எதிரில். உழைக்கிற மூன்று பேரை ஏன் உள்ளே விடவில்லை என்று வருகிற போகிற ஒவ்வொருவனுக்கும் நோட்டீஸ் கொடுப்பேன். வெயிலானாலும் நிற்பேன். உங்கள் மூன்று பேர் பெயரையும் பெரிய எழுத்தில் போடுவேன். ஆறுச்சாமி பெயரையும் போடுகிறேன், பரவாயில்லை, எனக்குச் சொந்தப் பகை கிடையாது.

எழுந்துவிட்டீர்களா. இருங்கள், பேனா எடுக்கிறேன். உங்கள் பெயர் என்ன என்று சொன்னீர்கள்?